பொருள் முதலில், இயந்திரம் பிறகு: தோல் கைவினைஞர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழு முதல் இன்று வரை சங்கம் செய்த வேலைகளையும் வரும் ஆண்டில் செய்ய விரும்புபவற்றையும் செயற்குழுவின் சார்பில் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். அதை நான் தொடவில்லை.

சென்ற பொதுக்குழுவில் ஒரு கேள்விதான் நெடுநேரம் ஓடியது. பொதுப் பட்டறைக்கு எந்தத் தையல் இயந்திரம் வாங்குவது? செயற்குழு அதற்கு உடனே விடை தேடவில்லை. நாம் என்ன பொருள் செய்கிறோம், அதற்கு எந்தத் தோல், அந்தத் தோலுக்கு எந்த நூல், நூலுக்கு எந்த ஊசி என்று கேட்டுக்கொண்டே வந்தால் இயந்திரம் எது என்பது கடைசியில் தானாகத் தெரியும் என்று முடிவு செய்தோம். ஆண்டின் முதல் பாதி முழுவதும் தோலிலேயே போய்விட்டது என்று சில உறுப்பினர்கள் வருத்தப்பட்டார்கள். அந்த முதல் பாதிதான் இவ்வாண்டில் சங்கம் செய்த பெரிய வேலை என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தோல் மாதிரிப் பலகை

மாதக் கூட்டங்களுக்கு வரும்போது அவரவரிடம் மிஞ்சிக் கிடக்கும் தோல் துண்டுகளைக் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டோம். வந்தவற்றின் தடிமனை அளந்து, பதனிட்ட முறையைக் கண்டறிந்து, குறிப்பு எழுதிப் பலகையில் பொருத்தினோம். பலகை இப்போது பட்டறைச் சுவரில் இருக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்கள் முதலில் விரலால் தொட்டு, மடித்துப் பார்த்து, அதன் பிறகே குறிப்பைப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

துண்டுகளைத் தரம் பிரிக்க உட்கார்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. நல்ல கைத்திறன் உள்ளவர்கள்கூட, தம்மிடம் இருப்பது தாவரச் சாற்றில் பதனிட்டதா, குரோமில் பதனிட்டதா என்று அறியாமலே ஆண்டுக்கணக்கில் வேலை செய்திருக்கிறார்கள். மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் உள்ள டேனின் என்ற துவர்ப்புப் பொருளில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறி வரும் தோல் நீர் பட்டால் இளகும், அச்சை ஏற்கும், காய்ந்ததும் கொடுத்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் ஓரத்தை நனைத்துத் தேய்த்தால் பளபளப்பு ஏறும். குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் சுழலும் பீப்பாயில் ஏறத்தாழ ஒரு நாளில் பதமாகிவிடுகிறது. 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றதும், 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் ஒரே கரைசலில் முடியும் முறையைக் கொண்டுவந்ததும் இத்தொழிலையே மாற்றின. இன்று உலகில் பதனிடப்படும் தோலில் மிகப் பெரும் பகுதி குரோம் தோல்தான். அது மென்மையானது, நீரைத் தாங்குவது, கொதிநீரின் வெப்பத்தையும் ஏறக்குறைய பொறுத்துக்கொள்வது. டேனின் தோலோ 70 முதல் 85 டிகிரி செல்சியசுக்குள்ளேயே சுருங்கிப்போகும். ஆனால் குரோம் தோலில் அச்சு நிற்காது. ஓரம் தேய்த்தால் பஞ்சு போல் பிரியும். அதற்கு ஓரச் சாயம் பூச வேண்டும் அல்லது சீவி மடித்துத் தைக்க வேண்டும். ஓரத்தை எத்தனை முறை தேய்த்தாலும் பளபளப்பு வரவில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுவந்த உறுப்பினர்கள் கையில் வைத்திருந்தது குரோம் தோல். அவர்களுடைய கையில் குறை எதுவும் இல்லை.

கண்டறியும் வழிகள் எளியவை. சாயம் ஏறாத மேற்பரப்பில் ஒரு சொட்டு நீர் விட்டால் டேனின் தோல் உறிஞ்சிக் கறுக்கும். வெட்டிய விளிம்பைப் பார்த்தால், முழுக்கச் சாயம் ஏறாத குரோம் தோலின் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். இன்னும் ஐயம் இருந்தால் நகக்கண் அளவு துண்டைத் திறந்த வெளியில் எரித்துப் பாருங்கள். குரோம் தோலின் சாம்பலில் பச்சை நிறம் இருக்கும். உடலில் நேராகப் படும் கைப்பட்டை போன்றவற்றைச் செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சரியாகப் பதனிடாத குரோம் தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் உருவாகித் தோல் ஒவ்வாமை தரக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே மாதம் முதல், உடலில் படும் தோல் பொருளில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அத்தகைய வேலைக்குத் தோல் வாங்கும்போது பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

கூட்டுக் கொள்முதல்

சிறு அளவில் வாங்குகிறவர்களுக்கு நல்ல தோல் கிடைப்பதில்லை என்ற குறை நீண்ட நாளாக இருந்தது. இவ்வாண்டு உறுப்பினர்களின் தேவையைச் சேர்த்து, சங்கத்தின் பெயரில் வாங்கிப் பகிர்ந்துகொண்டோம். முதலில் வந்த தோலை மேற்பரப்பு உள்ளே இருக்கும்படி மடித்துப் பார்த்தபோது, நுண்ணிய சுருக்கங்களுக்குப் பதிலாகத் தடித்த மடிப்புகள் எழுந்தன. மேற்படலம் அடித்தோலை விட்டு விலகியிருப்பதன் அடையாளம் அது. மேலே பூசியிருந்த பூச்சு மிக அழகாக இருந்தது. அதற்காக ஏற்றுக்கொள்ள முடியுமா? விற்பனையாளரிடம் திருப்பி அனுப்பினோம். பேச்சுக்குப் பிறகு மாற்றித் தந்தார். கூட்டாக வாங்கியதால்தான் திருப்பிக் கொடுக்கும் வலு கிடைத்தது.

பகிர்ந்தபோது எழுந்த மனத்தாங்கலையும் மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும். முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுகியது, குறைவாக நீள்வது. வயிற்றுப் பகுதி தளர்ந்தது, இழுத்த பக்கம் போவது. பரப்பளவைச் சமமாகப் பிரித்ததால் சிலருக்கு முதுகும் சிலருக்கு வயிறும் போயின. இனி, அவரவர் செய்யும் பொருளைக் கேட்டுப் பிரிப்போம். இடுப்புப் பட்டை செய்கிறவருக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனில், முதுகெலும்புக்கு இணையாக வெட்டிய நீளம் வேண்டும். பணப்பையின் உள்ளடுக்கு செய்கிறவருக்கு 1 மில்லிமீட்டரை ஒட்டிய மெல்லிய தோல் போதும். உறை, சிறு பெட்டி போன்றவற்றின் உள்பக்கத்துக்கு வயிற்றுத் தோலே தாராளமாக உதவும். விலைப்பட்டியல்களில் தடிமனை அவுன்ஸ் என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். 1 அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். 8 அவுன்ஸ் தோல் 3.2 மில்லிமீட்டர் இருக்கும்.

‘ஜெனுயின் லெதர்’ என்ற முத்திரையை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம் என்று உறுப்பினர்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அது தோல் என்பதைத் தவிர, எந்த அடுக்கு, எந்தத் தரம் என்பதை அந்த முத்திரை சொல்வதில்லை. ‘பாண்டட் லெதர்’ என்பதோ தோல் தூளைப் பசையில் பிணைத்துச் செய்த தாள். அதில் போடும் தையல் நிற்காது.

கைத்தையல் வகுப்பு

இயந்திரம் வந்த பிறகு இந்த வகுப்புக்கு ஆள் குறையும் என்று எண்ணினோம், குறையவில்லை. ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் செலுத்தும் சேணத் தையலையே முழு வகுப்பிலும் சொல்லிக்கொடுத்தோம். இயந்திரத் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கின்றன. ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணிகளும் தளரும். சேணத் தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும், எதிர்ப்பக்கமாகப் போன நூல் அதே துளைகளில் பிடித்துக்கொண்டிருக்கும். பளு தாங்கும் பட்டைகளுக்கும் கைப்பிடிகளுக்கும் இன்றும் இதற்கு இணை இல்லை. தைக்க வேண்டிய நீளத்தைப் போல் 4 மடங்கு நூல் எடுக்கச் சொல்லிக்கொடுத்தோம். தோல் தடித்தால் இன்னும் கூட்ட வேண்டும். பருத்தி நூலை வகுப்பிலிருந்தே நீக்கிவிட்டோம். டேனின் தோலில் அது நாளடைவில் இற்றுப்போகிறது. மெழுகிட்ட லினன், பாலியெஸ்டர் இரண்டும் இப்போது பட்டறையில் இருக்கின்றன.

கையா, இயந்திரமா என்று இரு அணியாகப் பிரிந்து பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1790-இல் இங்கிலாந்தில் தாமஸ் செயிண்ட் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரம் தோலையும் தடித்துணியையும் தைப்பதற்காகவே வரையப்பட்டது. அதில் முதலில் ஒரு குத்தூசி துளையிடும். பிறகு ஊசி நூலைக் கொண்டுபோகும். கைவினைஞர் செய்யும் அதே வரிசை.

தையல் இயந்திரம்

தோலும் நூலும் தீர்மானமான பிறகு இயந்திரப் பேச்சு எளிதாகிவிட்டது. நம்மில் பெரும்பாலோர் செய்வது பை, பணப்பை, உறை. அடுக்குகள் சேர்ந்தால் 3 முதல் 6 மில்லிமீட்டர். வீட்டுத் தையல் இயந்திரத்தில் அடிப் பற்கள் மட்டுமே துணியை நகர்த்துகின்றன. மேலிருக்கும் பாதம் அழுத்திக்கொண்டு நிற்பதால் மேல் தோல் பின்தங்கி, தையல் முடியும் இடத்தில் விளிம்புகள் பொருந்தாமல் போகின்றன. பற்களின் தடமும் அடித்தோலில் பதிந்துவிடும். ஆகவே அடிப் பற்கள், ஊசி, உள்பாதம் மூன்றும் ஒன்றாக நகரும் வகையைத்தான் வாங்குவது என்று செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. பயன்பட்ட இயந்திரமே கிடைத்தது. வாங்குமுன் நம் தோலையும் நம் நூலையும் எடுத்துப்போய்த் தைத்துப் பார்த்தோம். துணித் துண்டில் ஓட்டிக் காட்டினால் எந்த இயந்திரமும் நன்றாகத்தான் தைக்கும்.

அதனுடன் வந்த கிளட்ச் மோட்டாரை மாற்றிவிட்டோம். அது எப்போதும் முழு வேகத்தில் சுழல்வது. மிதியைத் தொட்டவுடன் இயந்திரம் பாயும். சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டுமே சுழலும், வேகத்தையும் கட்டுப்படுத்தலாம். மோட்டார்ப் பக்கத்துச் சக்கரத்தையும் சிறியதாக்கினோம். வேகம் குறைந்து இழுவை கூடியது. மூலையில் ஒவ்வொரு கண்ணியாக நிறுத்தித் திரும்ப முடிகிறது. தோலில் ஊசி போட்ட துளை மறையாது, பிரித்துத் தைத்தால் இரட்டைத் துளை தெரியும். ஆகையால் இந்த நிதானமே இயந்திரத்தில் நான் மிகவும் மதிக்கும் குணம்.

ஊசி, நூல் பொருத்தம் பற்றிய அட்டை இயந்திரத்தின் மேலேயே தொங்குகிறது. ஊசியின் மெட்ரிக் எண் அதன் தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. 110 என்றால் 1.1 மில்லிமீட்டர். டெக்ஸ் என்பது 1000 மீட்டர் நூலின் எடை கிராமில். டெக்ஸ் 70 நூலுக்கு 100 அல்லது 110 ஊசி, டெக்ஸ் 90-க்கு 110 முதல் 125, டெக்ஸ் 135-க்கு 125 முதல் 140. ஊசி சிறுத்தால் இரு நூலும் கொக்கி போடும் முடிச்சு தோலுக்குள் ஏறி மறையாமல் அடிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாய் நிற்கும். பலர் அப்போது மேல் நூலின் இழுவிசையைத் திருகத் தொடங்குகிறார்கள்; முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள். தோலுக்குரிய வெட்டுமுனை ஊசியில் எல்.ஆர். முனை சாய்ந்த தையலையும், எஸ். முனை நேர்க்கோட்டுத் தையலையும் தரும். துணி உள்ளடுக்கு மட்டும் தைக்கும்போது உருண்டை முனைக்கு மாறுங்கள். வெட்டுமுனை இழைகளை அறுத்துவிடும். கண்ணி நீளத்தை மிகவும் குறைக்க வேண்டாம். நெருக்கமான துளைகள் தோலை அஞ்சல்தலை ஓரம் போல் கிழியச் செய்துவிடும். வெயிலில் கிடக்கும் பொருளுக்கு நைலானைவிடப் பாலியெஸ்டர் நூல் நெடுநாள் தாங்கும்.

பிற பணிகள்

கருவி பராமரிப்பு நாள் வழக்கம்போல் நடந்தது. ஈரமான டேனின் தோலில் இரும்புக் கருவியை வைப்பதால் கருநீலக் கறை வருகிறது என்று மீண்டும் நினைவூட்டுகிறேன். இதே வினையை வேண்டுமென்றே பயன்படுத்தி, காடியில் இரும்புத் தூளை ஊறவைத்துக் கறுப்புச் சாயம் செய்து காட்டிய மூத்த உறுப்பினருக்கு நன்றி. அந்தக் கறுப்பு கையில் ஒட்டாது, உரசினாலும் போகாது.

பசை பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரைப்பான் கலந்த ஒட்டுப் பசைகள் சிலவற்றில் என்-ஹெக்சேன் இருக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் நெடுங்காலம் அதைச் சுவாசித்த காலணித் தொழிலாளர்களுக்குக் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டது மருத்துவ உலகில் நன்கு பதிவானது. மழைக்காலத்தில் பட்டறையின் சன்னல்களைச் சாத்திக்கொண்டு பசை பூசுவதைச் செயற்குழு ஏற்காது. நீரில் கரையும் பசை காய நேரம் எடுத்தாலும் நம் வேலைக்குப் போதுமான பிடிப்பைத் தருகிறது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு

செயற்குழு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. மூடிய அறையில் கரைப்பான் பசையைப் பயன்படுத்தத் தடை விதிப்பது முதலாவது. கைத்தையல் வகுப்பை முடித்தவர்களுக்கே இயந்திரத்தில் நேரம் ஒதுக்குவது இரண்டாவது. இதற்கு எதிர்ப்பு இருப்பதை அறிவேன், விவாதத்துக்குப் போதிய நேரம் ஒதுக்கியிருக்கிறோம். மூன்றாவது, பையின் வளைந்த பக்கங்களைத் தைக்க, தட்டையான மேசைக்குப் பதிலாக உருளையான கையின் மேல் தைக்கும் உருளைக்கை இயந்திரம் வேண்டும் என்ற கோரிக்கை பற்றியது. கோரிக்கை நியாயமானது. ஆனால் அவ்வகைப் பை செய்கிறவர்கள் இன்று மிகச் சிலர். அவர்கள் தம் பொருள்களையும் தோல் மாதிரிகளையும் அடுத்த மூன்று மாதக் கூட்டங்களில் கொண்டுவந்து காட்டட்டும். தேவை உறுதியானால் ஆண்டின் நடுவிலேயே சிறப்புக் கூட்டம் கூட்டி முடிவெடுக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை.

மாதிரிப் பலகைக்காகத் துண்டுகளை அளந்து ஒட்டிய இளைய உறுப்பினர்களுக்கும், மோட்டாரை மாற்றிப் பொருத்தித் தந்தவருக்கும், வகுப்பு நடத்திய ஆசிரியர்களுக்கும் சங்கத்தின் நன்றியைத் தெரிவிக்கிறேன். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
செயற்குழுவுக்காக