மைக்கின் மீது விழுந்த பழி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து 20 நாட்களாகின்றன. முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணம் இல்லை, ஒரு மைக்ரோஃபோன்.

என் கண்பார்வை மங்கிவருவது உனக்குத் தெரியும். பறவைகளை இனிக் காதால்தான் பிடிக்கவேண்டும் என்று, உள்ளங்கை அளவுள்ள ஒரு கணினியை ஜன்னலோரம் வைத்து யுஎஸ்பி மைக்கைச் செருகினேன். பதிவுக் கட்டளை கொடுத்தால், ஒலி அட்டையே இல்லை என்று கைவிரித்தது (யுஎஸ்பி மைக்கையும் அது ஓர் ஒலி அட்டையாகத்தான் எண்ணும்). அதே மைக் பெரிய கணினியில் ஒழுங்காக வேலை செய்தது. சின்னக் கணினியின் யுஎஸ்பி சாதனங்கள் பட்டியலிலும் அதன் பெயர் பளிச்சென்று இருந்தது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், மைக்கைத் திட்டினேன். ஒரு வாரம் போனது.

பட்டியலில் பெயர் இருந்தால், விருந்தாளி வாசலில் நிற்கிறார் என்பதுதான் பொருள். அவர் மொழி தெரிந்தவர் வீட்டுக்குள் இருக்கவேண்டுமே! இந்தக் கணினி ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில் அந்த வேலை, அதன் மையப் பகுதியான கெர்னலின் யுஎஸ்பி ஆடியோ டிரைவர் என்ற நிரலுடையது. இந்தக் கணினிக்குக் கெர்னலைத் தயாரித்தவர்கள் அதைச் சேர்க்கவே இல்லை. நீயாக இருந்தால், நடந்ததையெல்லாம் கெர்னல் குறித்துவைக்கும் பதிவேட்டை முதல் நாளே பார்த்திருப்பாய். நான் அவசரத்தில் வேறு பதிப்பின் மூலநிரலிலிருந்து டிரைவரைத் தொகுத்து, அதை ஏற்க முடியாது என்ற பதிலையும் வாங்கிக்கொண்டேன். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் அதே பதிப்பு, அதே அமைப்புக் கோப்பு என்று மறுபடி உட்கார்ந்து தொகுத்தபிறகே அட்டை தோன்றியது.

உடனே அடுத்த பிழை. நான் கேட்டது ஸ்டீரியோ (இரண்டு தடம்), 16,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை ஒலி மாதிரிகள். மைக்குக்குத் தெரிந்தவை மோனோ (ஒரே தடம்), 44,100 அல்லது 48,000. இதை, கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் 'ப்ராக்' அடைவில் அந்த அட்டைக்குரிய 'ஸ்ட்ரீம்0' கோப்பு தெளிவாகச் சொல்கிறது. நான்தான் திறந்து பார்க்கவில்லை. லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவில் 'எச்டபிள்யூ' என்று நேராகக் கேட்காமல் 'ப்ளக்எச்டபிள்யூ' என்று கேட்டால் அதுவே மாற்றித் தரும். ஆனாலும் 48,000-இலேயே பதிகிறேன். பதியும் வீதத்தில் பாதி வரையுள்ள ஒலிதான் பிடிபடும் என்பதால், 16,000-இல் பதிந்தால் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கீச்சுகள் எல்லாம் போய்விடும். பறவைகளுக்காகத்தானே இத்தனை பாடும்!

பிறகு நடுநடுவே 'டப்' என்று வெட்டு விழுந்தது. யுஎஸ்பியில் ஒலி போகும் வழியில் தவறிய துணுக்கு மீண்டும் அனுப்பப்படுவதில்லை, போனது போனதுதான். பதிவை எழுதும் பென்டிரைவும் மைக்கும், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும், தனி மின்சாரம் இல்லாத ஒரே ஹப்பில் இருந்தன. பிரித்து வைத்தேன், நின்றுவிட்டது.

மறுதொடக்கத்தில் அட்டை எண் மாறும் தொல்லைக்கு, எண்ணுக்குப் பதில் பெயரைக் கொடுத்துச் சமாளித்திருக்கிறேன்.

நேற்றைய விடியற்காலைப் பதிவை அனுப்புகிறேன். இரண்டாவது நிமிடத்தில் மூன்று முறை கூவுவது என்ன பறவை என்று கேட்டுச் சொல். அதன் பிறகு வரும் இருமல் என்னுடையது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்