அக்காவின் பட்டன் பிளேயர்

கல்லிடைக்குறிச்சி,
வைகாசி.

அன்புள்ள சுடலை,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தியை அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கார் சாகுபடிக்கு ஜூனில் பாபநாசம் அணையைத் திறப்பார்களா என்பதுதான் டீக்கடைப் பேச்சு.

நீ வாங்கிய ஒலிப்புத்தகம் பிளேயரில் ஏன் ஓடவில்லை என்று கேட்டிருந்தாய். முதலில் கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பார். எம்4பி என்றால் பாதிக் கவலை விட்டது. முழுப் புத்தகத்தையும் ஒரே கோப்பாக்கி, அத்தியாயக் குறிப்போடு வைப்பதற்கான வடிவம் அது. உள்ளே ஒலி இருப்பது ஏஏசி என்ற ஒலிச்சுருக்க முறையில். மலிவான பிளேயர் பலவற்றுக்கு எம்பி3 தவிர வேறு தெரியாது. பெயரின் வாலை மட்டும் மாற்றி ஏமாற்றவும் முடியாது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் போட்டால் எம்பி3 ஆக்கிக் கொடுக்கும். பாட்டு இல்லை, வெறும் பேச்சுதானே. ஒற்றைத் தடமான மோனோவில், நொடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) தாராளம். மணிக்கு 29 எம்பிதான் ஆகும், பத்து மணி நேரப் புத்தகமே 300 எம்பியைத் தாண்டாது.

வேறெதிலும் ஓடாதபடி மின்பூட்டுப் போட்டு விற்ற கோப்பு என்றால் கதை வேறு. காசு கொடுத்து வாங்கியும் அவர்கள் செயலியில்தான் கேட்க வேண்டுமாம். எனக்கு அது ஒப்பவே இல்லை. ஆனாலும் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை. வீட்டில் கேட்பது அதில் வருமா வராதா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நான் இப்போது பூட்டில்லாமல் தருகிற இடத்தில்தான் வாங்குகிறேன். உரிமைக்காலம் முடிந்த நூல்கள் வேண்டுமானால் லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளத்தில் இலவசமாகவே எம்பி3 கிடைக்கும். படிப்பவர்கள் தன்னார்வலர்கள், சிலர் கொஞ்சம் இழுப்பார்கள்.

அக்காவுக்குக் கண் மங்கியதிலிருந்து டச் போன் சரிப்படவில்லை. தொட்டால் எங்கேயோ போய் நிற்கிறது. பட்டன் பிளேயர் வாங்கி, ஓட்டும் பட்டன்மேல் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுகிறாள். அணைத்துப் போட்டால் விட்ட இடம் அந்தப் பிளேயருக்கு நினைவிருக்காது. அதனால் புத்தகத்தை அரை அரை மணித் துண்டாக நறுக்கியிருக்கிறேன். ஐந்து நிமிடத் துண்டு வேண்டாம், தேடியே சலித்துப்போகும். பெயரை 001, 002 என்று வை. வெறும் 1, 2 என்று வைத்தால் பல பிளேயர்கள் 1-க்கு அப்புறம் 10-ஐ ஓட்டும். சிலது பெயரையே பார்க்காது, மெமரி கார்டில் ஏற்றிய வரிசையில்தான் ஓட்டும். அதனால் ஏற்றும்போதே வரிசையாக ஏற்று.

"ஏ, இவன் மூச்சே விடாம வாசிக்கானே!" என்கிறாள் அக்கா. அவளுக்கு நடுவில் நிறுத்தி, கேட்டதைப் பற்றி வம்பளக்க வேண்டும்.

ஆனித் தேருக்கு வருகிறாய் அல்லவா? கார்டு 32 ஜிபியாகவே வாங்கி வா. 64 ஜிபி எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் வரும், பழைய பிளேயர் அதைப் படிக்காது. பிளேயரின் கேபிளையும் மறக்காதே, என்னிடம் இருப்பது வேறு முனை. புத்தகங்களை நானே ஏற்றித் தருகிறேன்.

உன்,
ஆறுமுகம்