பெப் அறிக்கையில் தமிழில் சில வரிகள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றித் தங்கள் மகளிர் பகுதியில் வந்த கட்டுரை, 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்கில் இலவசமாகப் பெப் பரிசோதனை (கருப்பைக் கழுத்தின் கலங்களை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது) செய்துகொள்ளச் சொல்லியிருந்தது. மிக நல்லது. ஆனால், அறிக்கை சரியாக வந்தால் இனி அச்சமில்லை என்று அது முடிந்ததை, மூதூர், வெருகல் பக்கங்களில் மருத்துவமாதாக வேலை செய்து ஓய்வுபெற்ற என்னால் ஏற்க முடியவில்லை.

கருப்பைக் கழுத்தைத் தட்டையான மரக்குச்சியால் ஒரு சுற்றுச் சுரண்டி, ஒட்டி வருவதைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பூசி, உடனே அற்ககோலில் அமிழ்த்த வேண்டும். மின்விசிறிக் காற்றில் சற்றுத் தாமதித்தாலே கலங்கள் காய்ந்து உருமாறிவிடும். இரத்தமோ அழற்சியோ கூடினால் அவை மறைந்துபோகும். நோய் தொடங்கும் இடத்தில் குச்சி படாவிட்டால் அந்தக் கலம் தகட்டிலேயே இராது. நுணுக்குக்காட்டியில் எத்தனை கூர்மையான கண் பார்த்தும் பயனில்லை.

கனடாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2007 இல் வெளியிட்ட ஆய்வில், ஒருமுறை செய்த பெப் பரிசோதனை, புற்றுக்கு முந்திய கடுமையான மாற்றங்களில் ஏறக்குறைய 55 சதவீதத்தையே கண்டுபிடித்தது. இந்தப் புற்றுநோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் டி.என்.ஏ.யைத் தேடும் பரிசோதனை ஏறக்குறைய 95 சதவீதத்தைக் கண்டுபிடித்தது. அதற்காகப் பெப் பரிசோதனையைத் தள்ளிவிடக் கூடாது. அந்த வைரஸ் தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் செல்லும். ஒருமுறை தப்பியதை அடுத்தமுறை பிடிக்கலாம். ஆனால் அடுத்தமுறை வரவேண்டுமே!

வெருகல் பக்கத்து அக்கா ஒருவர், காணிப் பத்திரமும் அடையாள அட்டையும் வைத்திருந்த பொலித்தீன் பையிலேயே தன் பெப் அறிக்கையையும் மடித்து வைத்திருந்தார். மாதவிடாய் நின்று போனவருக்குத் திரும்ப இரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னபோதெல்லாம் பையை அவிழ்த்து, “மிஸ்ஸி, ஒன்றுமில்லை என்றுதானே தந்திருக்கிறார்கள்” என்று அதை நீட்டுவார். கடைசியில் போனபோது சத்திரசிகிச்சைக்குக் காலம் கடந்திருந்தது.

அயர்லாந்தில் புற்றுநோய் வந்த 221 பெண்களின் பழைய பெப் தகடுகளை மீளப் பார்த்தபோது, முதலில் தந்ததிலிருந்து வேறு முடிவு கிடைத்தது. அதைப் பெரும்பாலானோருக்குச் சொல்லவில்லை என்பது 2018 இல் வெளிப்பட்டதும் நாடே கொதித்தது. தகட்டில் பிழை நேரலாம். சொல்லாமல் விடுவதைத்தான் அந்தப் பெண்களால் பொறுக்க முடியவில்லை. எங்கள் பெண்களுக்கும் சொல்லத்தான் வேண்டும்.

சுகாதார அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. அறிக்கையோடு தமிழில் ஒரு துண்டு கொடுங்கள். எடுத்த மாதிரி போதுமானதா, அடுத்த பரிசோதனை எந்த ஆண்டு என்று அதில் எழுதுங்கள். உறவுக்குப் பின்னோ, மாதவிடாய் நின்ற பின்னோ இரத்தம் பட்டால், நாற்றமுள்ள வெள்ளை பட்டால், இந்த அறிக்கை என்ன சொன்னாலும் உடனே வரவேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கொடுக்கும்போது மருத்துவமாது அதை வாசித்தும் காட்டட்டும். வாசிக்கத் தெரியாத தாய்மார் ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமாது,
அன்புவழிபுரம், திருகோணமலை.