பரணில் கிடந்த பெட்டியில் எது மிஞ்சும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

30, 35 ஆண்டுகள் கடையும் கணக்குமாக இருந்துவிட்டு, தொழிலைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்த கையோடு பழைய நீர்வண்ணப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குகிறார்கள் பலர். இரண்டே வாரத்தில் ‘கை போய்விட்டது’ என்று மூடியும் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு காகிதத்தில்தான்.

வண்ணம் மேலாக நிற்பதற்காக நீர்வண்ணத் தாளில் ஜெலட்டின் போன்ற பசை ஏற்றியிருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் பல வருடம் கிடந்தால் அந்தப் பசை செத்துவிடும். இராமபாணப் பூச்சிக்கும் அது நல்ல தீனி. அந்தத் தாளில் வானம் பூசினால், மையொற்றும் தாளில் விட்டதுபோல் வண்ணம் உள்ளே இறங்கித் திட்டுத்திட்டாகக் கருத்துப்போகும். ஈரத் தூரிகையால் ஒற்றி எடுக்கவும் வராது. மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் தாள் நல்ல தாள். உடனே கறையாக இறங்கினால் பென்சில், கரி வேலைக்கு ஒதுக்கிவிடலாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை), 100 சதவீதப் பருத்தி, கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள தாள்) என்று கேட்டு வாங்க வேண்டும். 22க்கு 30 அங்குல முழுத்தாளை மடித்துக் கிழித்தால் பயிற்சிக்கு 8 துண்டுகள் கிடைக்கும். விலை குறைவென்று 200 ஜிஎஸ்எம் மரக்கூழ்த் தாள் எடுத்தால், நனைந்ததும் அலை அலையாக எழும்பும், பள்ளங்களில் வண்ணம் குளம் கட்டும், கொஞ்சம் தேய்த்தாலே திரிதிரியாக உரியும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் காகிதம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், செத்த தாளைப் பத்திரப்படுத்துகிறவர்கள் பிழைக்கக்கூடிய டியூபுகளை எறிந்துவிடுகிறார்கள். இந்த வண்ணத்தைப் பிணைத்திருப்பது கோந்து. கல்லாக இறுகினாலும் தண்ணீரில் மறுபடி இளகும். பிளேடால் டியூபைக் கீறி, கட்டியைக் கிண்ணத்தில் போட்டு, நாலு சொட்டு நீர் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். பூஞ்சை நாற்றம் வந்தால் மட்டும் குப்பைக்கு. கட்டியை இடித்துத் தூளாக்க வேண்டாம். காட்மியம் போன்ற நிறங்களின் தூசி மூச்சில் போகக் கூடாது. டியூபில் பி.ஆர். 83 என்ற நிறமி எண் இருந்தால் அது பழைய அலிசரின் சிவப்பு, வெளிச்சத்தில் வெளிறிவிடும். அதற்குப் பதில் பி.வி. 19 என்ற எண் உள்ள டியூபை வாங்கலாம். அதோடு அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம், ஒரு மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு இருந்தால் முதல் ஆறு மாதம் ஓடிவிடும். 24 நிறப் பெட்டி பரிசாக வந்தால் கூட இந்த ஐந்தை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தூரிகையில் 12ஆம் எண் உருண்டை ஒன்று, ஓரங்குலப் பட்டை ஒன்று போதும். நனைத்து ஒரு உதறு உதறினால் உருண்டையின் முனை கூராகக் கூட வேண்டும். பழைய அணில்முடி, சேபிள் என்ற விலங்குமுடித் தூரிகைகளை அந்துப்பூச்சி அரித்திருக்கிறதா என்று வேரோடு விரித்துப் பார்க்க வேண்டும்.

வரையும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சித்திரை வெயிலில் விசிறிக்கு அடியில் பூச்சு பாதியிலேயே காய்ந்து கோடு விழும். தாளை இருபுறமும் நனைத்து ஒரு கண்ணாடிப் பலகையில் ஒட்டினாற்போல் பரப்பினால் ஈரம் நெடுநேரம் நிற்கும். பூச்சில் காலிஃபிளவர் மாதிரிக் கறை வருகிறதென்றால், தாளின் பளபளப்பு அடங்கத் தொடங்கிய பிறகு அதைவிட ஈரமான தூரிகையை வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த நேரத்தில் தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டுத் தொட வேண்டும், அல்லது முழுக்கக் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பரபரப்பாகத் தொழில் செய்து பழகியவர்களுக்கு இந்தக் காத்திருப்புதான் கடினம்.

ஓவியப் பொருள் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பருத்தித் தாளைத் திறந்த அலமாரியில் அடுக்காமல் பாலித்தீன் உறையில் மூடி, சரக்கு வந்த மாதத்தை உறைமேல் எழுதி வையுங்கள். முழுத்தாள் வாங்க யோசிக்கிறவர்களுக்குக் கால் தாளாகவும் வெட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.