ஜெர்மன்ல ஆச்சரியப்படவும் சொல்லிக்குடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல வர்ற ஜெர்மன் பகுதியை விடாம படிக்கிறேன், இலக்கணமெல்லாம் சூப்பர், ஆனா ஆச்சரியத்துக்கு 'இஹ் பின் ஊபராஷ்ட்'னு ஒத்த வரி போட்டு முடிச்சுட்டீங்களே, வாயப் பொளந்து நிக்கிறப்ப எவனாவது 'நான் ஆச்சரியமடைந்தேன்'னு அறிக்கை விடுவானா? அங்க ஆளுங்க சட்டுனு 'எஹ்ட்?'னு தான் கேப்பாங்க, நம்ம 'நெஜமாவா?' மாதிரி, நம்பவே முடியலன்னா 'தாஸ் கிப்ட்ஸ் டோஹ் நிஹ்ட்!'. 1989 நவம்பர்ல பெர்லின் சுவர் திறந்த ராத்திரி ஜனங்க வாயில திரும்பத் திரும்ப வந்தது 'வான்ஸின்!', அதாவது பைத்தியக்காரத்தனம்னு, நம்ம 'நம்பவே முடியல!' மாதிரி. சின்னப் பசங்களுக்கு நல்லதோ கெட்டதோ எல்லாமே 'க்ராஸ்', நம்ம 'செம' மாதிரி (மேனேஜர்கிட்ட வேணாம், சொல்லிட்டேன்).

இதவிட முக்கியம் வாக்கியத்துக்கு நடுவுல நைசா நுழையுற 'யா', 'ஆபர்'ங்கிற குட்டி வார்த்தைங்க. 'தாஸ் இஸ்ட் டோயர்'னா விலை ஜாஸ்தின்னு வெறும் தகவல், 'தாஸ் இஸ்ட் யா டோயர்!'னா அடேயப்பா இவ்ளோவான்னு ஆயிடும். ரொம்ப நாள் கழிச்சுப் பாக்குற குழந்தைகிட்ட 'டூ பிஸ்ட் ஆபர் க்ரோஸ் கெவோர்டன்!'னு சொல்லுவாங்க, அடேயப்பா எவ்ளோ வளந்துட்டேன்னு அர்த்தம், அந்த ஆபருக்கு டிக்‌ஷனரில 'ஆனால்'னு பாத்துட்டு உக்காந்தா மண்டை காயும். இதுக்குன்னே ஒரு வாரம் ஒதுக்குங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்