கைக்கிற பேசியும் பாம்பு அஞ்சலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார மலரில் வரும் புதுச்சொல் பகுதியையும் அதையொட்டி வரும் கடிதங்களையும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வாசகர் யாராவது ஒரு சொல்லைக் கட்டி அனுப்பினால் போதும், அடுத்த வாரமே அதன் வேரைத் தோண்ட நாலு பேர் கடப்பாரையோடு வந்துவிடுகிறார்கள். 'சுயம்' வடசொல்லாயிற்றே, செல்ஃபிக்குக் கட்டிய 'சுயமி' எப்படித் தமிழாகும் என்று தொடங்கும் சண்டை, அந்தச் சொல் வாயில் புழங்குமா புழங்காதா என்ற கேள்விக்கு வருவதே இல்லை. 'தேநீர்' என்பதில் முன்பாதி சீனத்தில் பிறந்தது. யாருக்கும் தொண்டையில் சிக்கவில்லை. ஒரு சொல்லின் ஆயுளைத் தீர்மானிப்பவை அதன் மூட்டும் வாலும்தான். இரண்டு சொற்கள் சேருமிடம் மூட்டு. வேற்றுமை உருபும் வினை விகுதியும் ஒட்டுமிடம் வால்.

முதலில் மூட்டு. முன்னால் நிற்பது வினைப்பகுதியா பெயரா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். 'தொடுதிரை'யில் 'தொடு' வினைப்பகுதி. தொட்ட, தொடுகின்ற, தொடும் என்ற மூன்று காலத்துக்கும் பொதுவாக நிற்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'தொடுத்திரை' என்று எழுதுவது 'சுடுக்காடு' என்று எழுதுவதற்குச் சமம். கைப்பேசியில் 'கை' பெயர். 'கையில் வைத்துப் பேசும் கருவி' என்பதில் 'இல்' என்ற உருபும் 'வைத்துப் பேசும்' என்ற பயனும் மறைந்திருப்பதால் 'ப்' வர வேண்டும். அதை விட்டுவிட்டு 'கைபேசி' என்று எழுதுவோருக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. 'கைத்தல்' என்றால் கசத்தல். வினைத்தொகை என்று வைத்துக்கொண்டால் கைபேசி, கைத்த, கைக்கின்ற, கைக்கும் பேசி. மாதக் கட்டணம் கட்டும் நாளில் இது பொருத்தமான பெயர்தான் என்றாலும், கட்டியவர் நினைத்தது அதுவல்ல.

அடுத்தது 'இ' விகுதி. புதுச்சொல் கட்டுவோர் எல்லோரும் முதலில் கைவைப்பது இதில்தான்: விசிறி, உலாவி, செயலி. எளிமையானது, ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. 'பேசு', 'தேடு', 'குழம்பு' போன்ற வினைகளுக்கு வினையெச்சமும் இதே 'இ'யில்தான் முடியும்: பேசிப் போனான், தேடிப் பார்த்தான். ஆகவே தேடும் கருவிக்குத் 'தேடி' என்று பெயர் வைத்தால், 'தேடி பார்த்தான்' என்பதற்கும் 'தேடிப் பார்த்தான்' என்பதற்கும் நடுவே ஒரே ஒரு 'ப்' மட்டும் காவல் நிற்கும். எழுத்தில் அதைப் பலர் விட்டுவிடுவார்கள், பேச்சில் காது தவறவிடும். 'தேடுபொறி' நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 'பேசி' தனியாக நிற்காமல் தொலைபேசி, கைப்பேசி, அலைபேசி என்று முன்னால் ஒரு துணையோடு வந்ததால் தப்பியது. 'கணி', 'திற' போன்ற வினைகளில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் எச்சம் 'கணித்து', 'திறந்து' என்று வேறு உருவில் இருக்கிறது. 'இ' சேர்க்கும் முன் எச்சத்தைச் சொல்லிப் பாருங்கள். அரை நிமிட வேலை.

காப்பிக்கு வந்த இரண்டு பெயர்களையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். 'கொட்டைவடிநீர்' 7 எழுத்து. அது பெயராக இல்லை, செய்முறைக் குறிப்பாக இருக்கிறது. அதைக் கடையோடு சேர்த்தால் 'கொட்டைவடிநீர்க்கடை'. சொல்லி முடிப்பதற்குள் ஆறிவிடும். கொட்டையின் பிளவு குளம்பை ஒத்திருப்பதால் வந்த 'குளம்பி' 4 எழுத்து, உருபும் ஏற்கிறது: குளம்பியை, குளம்பிக்கு. ஆனால் ளகரம் ழகரமாகப் புரண்டால் 'குழம்பி', அதாவது குழப்பமடைந்து. இந்த மூன்று எழுத்துகளும், அதாவது ல, ள, ழ, பேச்சில் எப்படிக் கலக்கின்றன என்பது தெரிந்தும், அந்த வேறுபாட்டையே நம்பி ஒரு சொல்லை நிறுத்துவது மணலில் கம்பம் நடுவது போல.

மூட்டும் வாலும் சரியாக இருந்தும் கவிழ்ந்த சொல் 'கட்செவி அஞ்சல்'. கண்ணாலும் செவியாலும் பெறும் அஞ்சல் என்று வாட்ஸ்அப்புக்கு வைத்த பெயர். கண் + செவி = கட்செவி; இலக்கணத்தில் குற்றமே இல்லை. குற்றம் வேறிடத்தில். கண்ணையே செவியாக உடையது என்ற பொருளில் 'கட்செவி' பாம்புக்குப் பழம்பெயர். ஆக அது பாம்பு அஞ்சல். (சில குழுக்களில் வரும் செய்திகளைப் பார்த்தால் பெயர் தானாகவே பொருந்திவிட்டதோ என்று தோன்றும்.) சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளிவந்தது, 1939இல் அனுபந்தமும் வந்தது. இன்று அது இணையத்திலேயே கிடைக்கிறது. அனுப்பும் முன் அதில் ஒருமுறை தேட வேண்டும். ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தால் சொல்லைக் கைவிட வேண்டும் என்பதில்லை. 'கழகம்' திருக்குறளில் சூதாடுமிடம். 'நாற்றம்' அங்கே நறுமணம். பொருள் நகரும். அது நகர்ந்ததைக் குற்றமென்று கடிதம் எழுதுவோர், முதலில் தம் வீட்டு மல்லிகைக்கு 'நல்ல நாற்றம்' என்று சொல்லிப் பார்க்கட்டும்.

பொருள் எழுதுவதில்தான் பெரும்பாலான புதுச்சொற்கள் தோற்கின்றன. எடுத்துக்காட்டுக்கு ஒன்று: 'நுழைமறதி'. ஓர் அறைக்குள் ஏதோ வேலையாக நுழைந்தபின், அந்த வேலை இன்னதென்று மறந்து நிற்றல். இதை வெறும் 'அறையில் வரும் மறதி' என்று எழுதினால், விளக்கை அணைக்க மறந்ததும் அதில் அடங்கிவிடும். நல்ல பொருளுரைக்கு மூன்று உறுப்புகள் போதும்: இது எந்த இனம், எந்த நேரத்தில் நிகழ்வது, எது இதில் சேராது. நுழைமறதியில் மறந்தது வந்த காரணத்தை மட்டுமே. எடுக்க வந்த பொருள் நினைவிருந்து அது இருக்கும் இடம் மறந்திருந்தால் சேராது. இந்த எல்லை இல்லாவிட்டால் விவாதம் 40 கடிதத்துக்கு நீளும். இன்னொன்று: எதிரெதிரே வரும் இருவர் வழிவிடுவதாக நினைத்து ஒரே பக்கம் ஒதுங்குவது, 'எதிரொதுங்கல்'. வாலைச் சோதியுங்கள்: எதிரொதுங்கினோம், எதிரொதுங்காமல், எதிரொதுங்கியபோது. எல்லாம் ஒட்டுகின்றன. நுழைமறதிக்கு வினை வடிவம் கேட்டால் 'நுழைமறந்தேன்' என்று கொஞ்சம் நொண்டுகிறது; ஒப்புக்கொள்கிறேன்.

இல்லாத சொல்லுக்குப் பொருள் தேடுவது போலவே, இருக்கும் அரிய சொல்லுக்குப் பொய்ப்பொருள் புனைவதும் நல்ல விளையாட்டு. இந்தப் பகுதியில் அதற்கும் இடம் தரலாம். 5 முதல் 7 பேர் போதும். ஒருவர் அகராதியிலிருந்து சொல்லை எடுத்துச் சொல்வார், 'ஞமலி' என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் ஆளுக்கொரு பொய்ப்பொருளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்கள். உண்மைப் பொருளான 'நாய்' அவற்றோடு கலக்கப்பட்டு எல்லாம் வாசிக்கப்படும். சரியாகக் கண்டவருக்கு 2 புள்ளி, தன் பொய்யை நம்பிய ஒவ்வொருவருக்காகவும் எழுதியவருக்கு 1.

கெட்டுப்போவது இரண்டு இடத்தில். அகராதி ஒரு பொருளை 'நாய்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும். பொய்யர்கள் இரண்டு வரி எழுதுவார்கள். நீளமே காட்டிக்கொடுத்துவிடும். எல்லாப் பொருளும் 4 முதல் 6 சொல்லுக்குள் என்று விதித்து, நடத்துபவரும் உண்மையை அந்த அளவுக்கு நீட்டி எழுத வேண்டும். இரண்டாவது, பல பொருளுள்ள சொல்லைத் தேர்வது. 'ஞமலி'க்கே மயில் என்ற பொருளும் உண்டு. 'எகின்' அன்னத்துக்கும் பெயர், புளியமரத்துக்கும் பெயர். கையில் அன்னத்தை வைத்துக்கொண்டிருக்கும் நடத்துநர், யாரோ ஊகித்து எழுதிய 'ஒரு மரம்' என்பதைப் பொய்யென்று தள்ளினால் அன்றைய ஆட்டம் அங்கேயே முடிந்தது. சிரிப்பு மூட்டும் பொருளுக்குக் கைதட்டல் கிடைக்கும், வாக்கு கிடைக்காது. சற்றே சலிப்பான பொருள்தான் ஏமாற்றும். சொல்லையே புனைகிறீர்களானால் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற 8 எழுத்துகளில் தொடங்காதீர்கள். பழந்தமிழ்ச் சொல் அவற்றில் தொடங்காது என்பதால் முதலெழுத்திலேயே பிடிபடுவீர்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். புதுச்சொல்லை அச்சிடும்போது அதன் 'ஐ', 'கு' வடிவங்களையும், முடிந்தால் ஒரு வினை வடிவத்தையும், எல்லையோடு கூடிய பொருளையும் சேர்த்தே வெளியிடுங்கள். வேர் பற்றிய கடிதங்களுக்கு ஒரு வாரம் போதும். அடுத்த வாரத்துக்கு ஒரு கேள்வியும் தருகிறேன்: கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடுவதற்கு என்ன பெயர்? 'கைத்தேடல்' என்று யாரும் அனுப்ப வேண்டாம். அது கையால் துழாவுவதையும் குறித்துவிடும்.

இப்படிக்கு,
வார மலர் வாசகர் ஒருவர்