கீழே ஒரு அறை: புதுச்சேரி மரபு விடுதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி வெள்ளை நகரத்தில் பழைய பிரெஞ்சு வீடுகளைத் தங்கும் விடுதியாக நடத்தும் உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

நான் பாளையங்கோட்டைக்காரி. போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து உங்களில் ஒருவருடைய விடுதியில் இரண்டு இரவு தங்கினேன். எந்த விடுதி என்று சொல்லப்போவதில்லை. கேட்க வேண்டியதை உங்கள் எல்லோரிடமும்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவள். கீழ்த்தளத்து அறைதான் வேண்டும், படி ஏற முடியாது என்று புக் பண்ணும்போதே போனில் சொன்னேன். "கண்டிப்பா மேடம்" என்றார்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு முழுப் பணமும் முன்னாலேயே கட்டியாச்சு. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, கார் பிடித்து வந்து நின்றால் கீழ் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம், எங்களுக்கு மாடி. லிஃப்ட் கிடையாது.

23 படி. நான் எண்ணினேன். மெழுகு போட்டுப் பளபளக்கிற மரப்படி, நடுவில் வளைகிறது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிறோம் என்று இரண்டு பையன்கள் வந்தார்கள், நல்ல பிள்ளைகள், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், அத்தனை பேர் முன்னால் தன்னைத் தூக்கிக்கொண்டு போவதை அவளால் தாங்க முடியாது. நின்று நின்று எப்படியோ ஏறிவிட்டாள். சாயங்காலம் இறங்கும்போது முதல் படியிலேயே கால் நடுங்கிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து, சேலையை முழங்காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழே காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் இறங்கவேயில்லை. அவள் வந்ததே ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி இருந்த வீட்டைப் பார்க்கத்தான். எட்டயபுரத்துக்காரர், நம்ம திருநெல்வேலியில் படித்தவர், 1908-லிருந்து பத்து வருஷம் அந்த ஊரில் இருந்தாரே, அந்த வீட்டை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று எத்தனையோ காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். "நீ போயிட்டு வாட்டி, எனக்கு இங்கன இருந்தே கடல் சத்தம் கேக்கு" என்றாள். நானும் போகவில்லை.

மேனேஜரிடம் கேட்டேன். "இது ஹெரிடேஜ் கட்டடம் மேடம், எதையும் மாத்தக் கூடாது" என்றார். அதே வீட்டில் எல்லா அறையிலும் ஏசி ஓடுகிறது, பின்கட்டில் நீச்சல் குளம் வெட்டியிருக்கிறார்கள். ஏசி குழாய்க்காகச் சுவரில் ஓட்டை போட முடிந்தவர்களுக்குப் படியின் மறுபக்கம் ஒரு கைப்பிடி வைக்க முடியாதா? நான் லிஃப்ட் கேட்கவில்லை. பழைய வீட்டில் கைவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். எங்கள் தாத்தா வீடும் அப்படித்தான், தார்சா, பட்டாசல் என்று கீழே கூடங்கள், மேலே மச்சு. தாத்தாவுக்கு நடை தளர்ந்ததும் அப்பா செய்தது ஒன்றுதான், மச்சில் கிடந்த கட்டிலை இறக்கிப் பட்டாசலில் போட்டார். அதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். கீழே ஒரு அறை.

வெள்ளை நகரத்தையும் தமிழர் பகுதியையும் பிரிக்கிற வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருக்களில் பழைய வீடுகளுக்குத் தெருவைப் பார்த்துத் திண்ணை இருக்கிறது. நடந்து களைத்தவர் யாராக இருந்தாலும் உட்காரட்டும் என்று வைத்தது. அதுவும் உங்கள் ஊர் மரபுதானே? மஞ்சள் சுவரையும் வளைவு ஜன்னலையும் அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றுகிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

உங்களை மட்டும் சொல்லவில்லை. வங்கிக்குப் போனால் படி, பத்திரப்பதிவுக்குப் போனால் படி, கல்யாண மண்டபத்தில் பந்தி மாடியில். எத்தனை கல்யாணத்தில் அம்மா சாப்பிடாமல் வந்திருக்கிறாள் தெரியுமா? வயசானவர்கள் வீட்டோடு கிடக்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்ட மாதிரி இருக்கிறது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் நடத்தும் சேவைகளையும் சேர்த்துத்தான் பேசுகிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். சரி, சட்டத்தைக் காட்டி மிரட்ட இதை எழுதவில்லை.

தயவுசெய்து கேட்கிறேன். கீழே ஒரு அறையைப் படியேற முடியாதவர்களுக்கென்று வையுங்கள், சொன்ன பிறகு அதை வேறு ஆளுக்குக் கொடுக்காதீர்கள். வாசலிலிருந்து கட்டில் வரை எத்தனை படி என்பதை வாடகைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்படி ஒரு அறை உங்களில் யாரிடமாவது இப்போதே இருந்தால் சொல்லுங்கள். அம்மா இன்னும் பாரதி வீட்டைப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மகள்